புளியாரை இலையில் ஒரு வெள்ளைக் கோடு: சுரங்கப்பூச்சியைத் தேடி, வளர்த்து, பெயர் கண்டுபிடிப்பது எப்படி?

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் புளியாரையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. யாரும் அதை விதைப்பதில்லை. நர்சரியில் ஒரு ரோஜாச் செடி வாங்கினால் கூடவே இலவசமாக வந்துவிடும். காய் முற்றித் தொட்டால் விதை நாலாபக்கமும் தெறிக்கும், அடுத்த மாதம் பத்துத் தொட்டியில் புளியாரை இருக்கும். என் வீட்டில் அதைப் பிடுங்கித் துவையல் அரைப்பதுண்டு, பித்தளை விளக்குத் தேய்ப்பதும் உண்டு. அப்படிப் பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் ஒரு சிற்றிலையில் நூல்போல ஒரு வெள்ளைக் கோடு ஓடுவதைப் பார்த்தேன். அரை அங்குலம்கூட இல்லாத இலை. அதற்குள் ஒரு புழு வீடு கட்டிக் குடியிருந்தது.

பக்கத்து மாடியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார்: "என்ன தம்பி, களையைப் போயி லென்ஸ் வெச்சுப் பாத்துட்டு இருக்கறீங்க?" அன்று ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பூச்சியியல் படித்திருக்கத் தேவையில்லை. பொறுமையும் சில டப்பாக்களும் போதும்.

சுரங்கம் என்றால் என்ன

பூரி உப்பும்போது மேல் ஏடு, கீழ் ஏடு என்று பிரியும் அல்லவா? இலைக்கும் அப்படி இரண்டு தோல் உண்டு. நடுவில் இருக்கும் பச்சைச் சதையை மட்டும் தின்றுகொண்டு, இரண்டு தோலையும் கிழிக்காமல் உள்ளேயே வாழும் புழுவைத்தான் சுரங்கப்பூச்சி என்கிறோம். விவசாயப் பேச்சில் இலைத் துளைப்பான் என்ற பெயர்தான் அதிகம். சதை போன இடத்தில் காற்று புகுவதால் அந்தப் பாதை வெள்ளையாகவோ வெள்ளி நிறமாகவோ தெரியும்.

இது ஒரே பூச்சியின் பெயரும் இல்லை, ஒரே குடும்பத்தின் பெயரும் இல்லை. ஈக்களில் சில, அந்துப்பூச்சிகளில் சில, வண்டுகளில் சில, குளவிகளுக்குச் சொந்தமான ரம்பக்குளவிகளில் சில என்று நான்கு பெரிய பிரிவுகள் தனித்தனியாக இந்தப் பிழைப்பைக் கண்டுபிடித்திருக்கின்றன. அதனால் "இலையில் கோடு இருக்கிறது, இன்ன பூச்சிதான்" என்று எடுத்தவுடனே சொல்லிவிட முடியாது. கோட்டைப் படிக்க வேண்டும்.

தேவையானவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, அதுபோல மடக்கும் வகை நல்லது. டார்ச் உள்ள போன், குண்டூசி, சிறிய ஸ்கேல், பென்சில். காலி மாத்திரை டப்பாக்கள் நாலைந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்றிரண்டு, டிஷ்யூ பேப்பர், ரப்பர் பேண்ட், பழைய வேட்டித் துண்டு. அமுக்கி வைக்கப் பழைய செய்தித்தாள். புதிதாகக் காசு போட வேண்டியது லென்ஸுக்கு மட்டும்தான். அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

முதலில் செடி சரியா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பல சுரங்கப்பூச்சிகள் ஒரே ஒரு செடியையோ, அதன் நெருங்கிய சொந்தங்களையோ மட்டும்தான் தின்னும். செடியின் பெயர் தப்பினால் பூச்சியின் பெயரும் தப்பிவிடும்.

புளியாரையின் அறிவியல் பெயர் ஆக்ஸாலிஸ் கார்னிகுலாட்டா. ஒரு காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள். ஒவ்வொன்றும் தலைகீழ் இதயம்போல, நுனியில் தெளிவான வெட்டு. மஞ்சள் பூவுக்கு ஐந்து இதழ். காய் குட்டி வெண்டைக்காய்போல நிமிர்ந்து நிற்கும். தண்டு தரையில் படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும்.

குழப்பம் வருவது பெயராலும் இலையாலும்தான். ஆரைக்கீரைக்கு நான்கு சிற்றிலை. அது தண்ணீரில் வளரும் பெரணி வகை, பூக்கவே பூக்காது. சுக்காங்கீரையும் புளிக்கும், ஆனால் அது வேறு குடும்பம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலத்தில் சுக்காங்கீரை இனத்தையும் புளியாரை இனத்தையும் கிட்டத்தட்ட ஒரே பெயரால் அழைக்கிறார்கள். இணையத்தில் தேடினால் சுக்காங்கீரைப் பூச்சியின் படம் புளியாரைக் கணக்கில் வந்து நிற்கும். நான் ஒரு வாரம் இப்படித் தப்பான பூச்சியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புல்தரையில் கூடவே முளைக்கும் சிறுபுள்ளடிக்கும் மூன்று சிற்றிலைதான். ஆனால் அது அவரைக் குடும்பம், பூ ஊதாச் சாயல், காய் தட்டையாகக் கணுக்கணுவாக இருக்கும். அவரைக் குடும்பத்துச் சுரங்கப்பூச்சிகள் தனிப் பட்டாளம். நீலகிரிப் பக்கம் இருப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஆக்ஸாலிஸ் லாட்டிஃபோலியா, அதாவது இளஞ்சிவப்புப் பூவும் மண்ணுக்கடியில் குமிழ்க் கிழங்கும் உள்ள வகை. தேயிலைத் தோட்டத்திலும் உருளைக்கிழங்குக் காட்டிலும் பெரிய தொல்லை. அதுவும் புளியாரைச் சொந்தம்தான், இருந்தாலும் குறிப்பில் தனியாக எழுதுங்கள். ஐரோப்பியக் காட்டில் வளரும் வெள்ளைப் பூ வகை வேறு. அங்கத்திய கையேட்டில் உள்ள பூச்சிப் பெயரை இங்கே அப்படியே ஒட்டவைக்கக் கூடாது.

எப்போது, எங்கே தேடுவது

காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நல்ல நேரம். உச்சி வெயிலில் புளியாரை குடை மடக்குவதுபோல் சிற்றிலைகளைக் கீழே மடித்துக்கொள்ளும், இரவிலும் அப்படியே. மடிந்த இலையில் கோடு தேடுவது வீண்வேலை. மழை விட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, இலை தளதளவென்று இருக்கும்போது பாருங்கள். நிழல் படும் தொட்டி, தண்ணீர்த் தொட்டியின் ஓரம், நர்சரிகளில் பை அடுக்கிய இடுக்கு ஆகியவை என் அனுபவத்தில் நல்ல இடங்கள்.

நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது. உட்காருங்கள். கண் பழகும்வரை பத்து நிமிடம் ஒரே தொட்டியைப் பாருங்கள். சந்தேகப்படும் இலையைக் கிள்ளாமல், போன் டார்ச்சை அடியில் பிடித்து மேலிருந்து லென்ஸில் பாருங்கள். ஒளி ஊடுருவும்போது சுரங்கம் கண்ணாடிக் குழாய்போலத் தெரியும். உள்ளே புழு இருந்தால் அதன் குடல் பச்சையாக நகர்வதுகூடத் தெரியும். முதல்முறை அதைப் பார்த்தபோது நான் காபியை ஆறவிட்டேன்.

இது சுரங்கம்தானா?

புளியாரையில் "சுரங்கம்" என்று நாம் நினைப்பதில் பெரும்பாலானவை சுரங்கமே இல்லை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சோதனை எளிது. வெளுத்த இடத்தில் குண்டூசி முனையை மெல்ல வைத்து, முதலில் மேல்பக்கம், பிறகு அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் தோல் முழுசாக இருந்து நடுவில் வெற்றிடம் இருந்தால் அது சுரங்கம். ஒரு பக்கம் தோலே இல்லை, ஊசி நேராக எதிர்த் தோலில் போய் முட்டுகிறது என்றால் யாரோ வெளியிலிருந்து சுரண்டித் தின்றிருக்கிறார்கள்.

அந்த "யாரோ" பெரும்பாலும் ஒரு பட்டாம்பூச்சியின் குட்டிப்புழு. சூடோசைசீரியா மாஹா என்ற வெளிர்நீலச் சின்னப் பட்டாம்பூச்சிக்குப் புளியாரைதான் பிள்ளை வளர்க்கும் செடி. தரையை ஒட்டிப் பறந்துகொண்டே இருக்கும். இறக்கையை மூடினால் சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக இருக்கும். இலையின் அடிப்பக்கம் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். பொரித்த குட்டிப்புழு அடித்தோலையும் சதையையும் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். மேலிருந்து பார்த்தால் சிறு ஜன்னல் கண்ணாடி பதித்ததுபோல வெள்ளைத் திட்டு. சுரங்கத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருக்கும். திருப்பிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும், அடிப்பக்கம் திறந்து கிடக்கும். புழு கொஞ்சம் வளர்ந்தால் இலை நிறத்திலேயே நத்தைபோலத் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு அதைச் சுற்றி வந்தால் இன்னும் உறுதி. புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் காவல் நிற்கும்.

இந்தச் சின்னப் பட்டாம்பூச்சிக்கு உலகப் புகழ் உண்டு. 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்த பிறகு, ஒக்கினாவாவின் ரியூக்யூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஜி ஒட்டாக்கியின் குழு இதைத்தான் சேகரித்து ஆராய்ந்தது. இறக்கையிலும் கண்ணிலும் குறைபாடுகள் தெரிந்ததாக 2012-இல் வெளியிட்டார்கள். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம், மனிதர் வாழும் இடத்தில் முளைக்கும் புளியாரையை நம்பியே இதுவும் நம் காலடியில் வாழ்வது. சரி, நம் இலைக்குத் திரும்புவோம்.

இன்னும் சில போலிகள் உண்டு. இலை முழுக்க ஊசியால் குத்தியதுபோல வெள்ளைப் புள்ளிகள் நிறைந்து, தூசி படிந்ததுபோல் வெளுத்திருந்தால் அது சிலந்திப்பேன். புளியாரைக்கென்றே டெட்ரானிக்கினா ஹார்ட்டி என்று ஒன்று இருக்கிறது. சிவப்பு உடல், முன்னங்கால் இரண்டும் உடலைவிட நீளம். லென்ஸில் பார்த்தால் நீளக் கொம்பு வைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருக்கும். இலையடியில் ஆரஞ்சுப் பொடியோ குட்டிக் கிண்ணங்களோ இருந்தால் துரு நோய். மக்காச்சோளத்தைத் தாக்கும் துருப் பூஞ்சையான பக்சினியா சோர்கி தன் வாழ்க்கையின் ஒரு கட்டத்தைப் புளியாரை இனத்தில்தான் கழிக்கிறது. நத்தை சுரண்டிய இடத்தில் காய்ந்த சளி மின்னும். உரக் கரைசல் தெளித்துக் கருகியது இலை ஓரத்தில் தொடங்கும், உள்ளே எச்சம் இருக்காது.

எச்சம்தான் கடைசிச் சாட்சி. உள்ளே அடைபட்ட புழு உள்ளேயேதான் கழிக்க வேண்டும். சுரங்கத்துக்குள் கறுப்புத் துணுக்கோ கோடோ தெரியவில்லையென்றால் இன்னொரு முறை சந்தேகப்படுங்கள்.

கோட்டைப் படிப்பது

புளியாரையில் நேரடியாக இறங்குவதற்கு முன் ஒரு பயிற்சி. ஒரு எலுமிச்சைக் கொழுந்தையும் கோடு விழுந்த ஒரு தக்காளி அல்லது தட்டைப்பயறு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் எங்கும் கிடைக்கும்.

எலுமிச்சையில் இருப்பது ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்ற அந்துப்பூச்சியின் புழு. கல்கத்தாவிலிருந்து போன மாதிரிகளை வைத்து 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர் அதற்குப் பெயர் வைத்தார். அந்த வெள்ளிப் பாதையின் நடுவே எச்சம் ஒற்றைக் கோடாக, சாலையின் நடுக்கோடுபோல ஓடும். தக்காளியில் பாம்புபோல நெளியும் கோடு பெரும்பாலும் லிரியோமைசா என்ற ஈயின் வேலை. அதில் எச்சம் நடுவில் இருக்காது. பாதையின் இடது ஓரத்தில் கொஞ்சம், வலது ஓரத்தில் கொஞ்சம் என்று மாறி மாறி விழுந்திருக்கும்.

ஏன் இந்த வித்தியாசம்? ஈப்புழுவுக்குத் தலை என்று தனியாக ஒன்று கிடையாது. வாயில் கறுப்பாக ஒரு கொக்கி மட்டும் உண்டு. அது ஒருக்களித்துப் படுத்து, கொக்கியை அரிவாள்போல வீசிச் சதையை அறுக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கம் புரண்டு படுக்கிறது. புரளப் புரள எச்சம் விழும் ஓரமும் மாறுகிறது. அந்துப்பூச்சிப் புழுவுக்கு ஒழுங்கான தலை உண்டு. அது தட்டையாகப் படுத்து நேராகப் போவதால் எச்சம் நடுவில் விழுகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்தது.

இப்போது புளியாரைக்கு வாருங்கள். கோட்டின் மெல்லிய முனையைத் தேடுங்கள். அதுதான் முட்டை இருந்த இடம். அங்கிருந்து பாதை அகலமாகிக்கொண்டே போகும். புழு தோலுரித்து வளரும் இடங்களில் அகலம் சட்டென்று கூடும். இலைக்குள் தின்னும் ஈப்புழுவுக்கு மூன்று பருவம், பாதையிலும் மூன்று அகலம் தெரிய வேண்டும். அகன்ற முனையில் புழு இருக்கும், அல்லது அது வெளியேறிய வாசல் இருக்கும். வாசல் பிறை வடிவக் கீறலாக இருந்தால் ஈப்புழு அறுத்துக்கொண்டு மண்ணில் குதித்துவிட்டது என்று பொருள். அச்சு எடுத்ததுபோல வட்டமான சின்ன ஓட்டை என்றால் வேறு கதை, அதற்குப் பின்னால் வருகிறேன்.

வாசலே இல்லாமல் இலைக்குள்ளேயே கூடு தெரிந்தால் ஃபைட்டோமைசா ஹார்டிகோலா போன்ற ஈயைச் சந்தேகப்படலாம். பட்டாணியில் பேர்போன இந்த ஈ மண்ணுக்கு இறங்காமல் சுரங்கத்துக்குள்ளேயே கூடு கட்டும். மூச்சுவிட இரண்டு சின்னக் குழல்களைத் தோலைத் துளைத்து வெளியே நீட்டி வைத்திருக்கும்.

புளியாரை இலை ரொம்பச் சின்னது என்பதால் ஒரு மயக்கம் வரும். தக்காளியில் நீளமாக நெளிய இடம் இருக்கிறது. இங்கே புழு ஓரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் தன் பழைய பாதையிலேயே முட்டும். பாதைகள் ஒன்றோடொன்று கலந்து கடைசியில் பெரிய வெள்ளைத் திட்டாகிவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் "திட்டுச் சுரங்கம்" என்று எழுதத் தோன்றும். பின்னொளியில் பார்த்தால் திட்டுக்குள் எச்சக் கோடுகள் இன்னும் வளைந்து வளைந்து கிடப்பது தெரியும். அது கோடாகத் தொடங்கித் திட்டாக முடிந்தது என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

கோட்டைத் தவிர, இலையில் அங்கங்கே உப்புத் தூவியதுபோல வட்ட வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். லிரியோமைசா பெண் ஈ வாலிலுள்ள கூர்மையான உறுப்பால் இலையைக் குத்திச் சாறு குடிக்கும். சில குத்தில் மட்டும் முட்டை வைக்கும். ஆண் ஈயால் குத்த முடியாது. பெண் குத்திய துளையில் கசிவதை நக்கித்தான் பிழைக்கும்.

படம் எடுப்பது

கிள்ளுவதற்கு முன்பே செடியை முழுசாக ஒரு படம், பூ இருந்தால் பூவோடு. பிறகு இலையின் மேல்பக்கம், அடிப்பக்கம், பின்னொளி என்று மூன்று. ஸ்கேலின் மில்லிமீட்டர்க் கோடு படத்தில் விழட்டும். இந்த அளவுக்கு நாணயம் உதவாது. ஒரு ரூபாய்க்கு முன்னால் சிற்றிலை காணாமல் போய்விடும்.

வளர்ப்பது

இலையை மட்டும் பார்த்து ஈயா அந்துப்பூச்சியா என்று சொல்லலாம். அதற்கு மேல் போக வேண்டுமானால் உள்ளே இருப்பது வெளியே வர வேண்டும்.

என் முதல் முயற்சி இப்படி: மூன்று இலையைக் கிள்ளி மாத்திரை டப்பாவில் போட்டு, தண்ணீர் தெளித்து, இறுக மூடி, ஜன்னல் ஓரம் வைத்தேன். மறுநாள் வெயில் அடித்து உள்ளே ஆவி பிடித்தது. மூன்றாம் நாள் பூஞ்சை. புழு செத்து, இலை கூழாகியிருந்தது. கிள்ளிய புளியாரை ஒரு மணி நேரத்தில் வாடும், ஈரம் போட்டால் அழுகும். தனி இலையை வைத்துக்கொண்டு இதற்கு நடுவில் சமாளிப்பது கஷ்டம்.

செடியின் குணத்தையே பயன்படுத்திக்கொள்வது நல்ல வழி. கணுவில் வேர் விட்ட தண்டாகப் பார்த்து, சுரங்கம் உள்ள இலையோடு சேர்த்து வெட்டுங்கள். ஒரு தேநீர்க் கப்பில் ஈரமான கோகோபீட் போட்டு நடுங்கள். இலை பல நாள் பசுமையாகவே நிற்கும். கப்பைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவின் அடியில் காய்ந்த டிஷ்யூ விரியுங்கள். கோகோபீட் மேலும் ஒரு டிஷ்யூவைத் தண்டைச் சுற்றிப் பரப்புங்கள், அப்போதுதான் விழும் கூடு கண்ணில் படும். வாயை வேட்டித் துண்டால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். கொசுவலை வேண்டாம். இதில் வரும் பிராணிகள் அந்த ஓட்டையில் நடந்தே போய்விடும். நேர் வெயில் படாத அலமாரி மேல் வையுங்கள். கப்பின் மேல் தேதியை ஒட்டுங்கள்.

தினமும் ஒருமுறை பார்த்தால் போதும், திறக்க வேண்டாம். லிரியோமைசா டிரைஃபோலி போன்ற ஈயாக இருந்தால் முட்டை பொரித்ததிலிருந்து நான்கு முதல் ஏழு நாளில் புழு வெளியேறிவிடும். மஞ்சள் கலந்த பழுப்பில், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத, உடைந்த குருணைபோன்ற ஒன்று டிஷ்யூமேல் கிடந்தால் அதுதான் கூடு. ஈரமான தூரிகை நுனியால் எடுத்துக் காய்ந்த மாத்திரை டப்பாவுக்கு மாற்றுங்கள், துணி மூடியோடு. வெக்கைதான் இதன் கடிகாரம். முட்டையிலிருந்து ஈ வரை 35 டிகிரியில் 12 நாளில் முடிவது, 20 டிகிரியில் 26 நாள் ஆகும். சித்திரையில் சென்னையில் வளர்ப்பதும் மார்கழியில் ஊட்டியில் வளர்ப்பதும் ஒன்றல்ல.

வெளியே வந்ததும் பிடித்துவிடாதீர்கள். புது ஈ வெளிறிப்போய், இறக்கை கசங்கி இருக்கும். அரை நாள் விட்டால்தான் நிறமும் உறுதியும் வரும். பிறகு டப்பாவோடு ஃபிரீசரில் ஒரு இரவு. (வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மீன் டப்பாவுக்குப் பக்கத்தில் ஈ டப்பா இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.) அதன்பின் 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வைக்கலாம்.

வந்தது யார்?

இறக்கை ஒரு ஜோடி மட்டும் என்றால் ஈ. லிரியோமைசா வகை என்றால் முதுகில் கறுப்பும், இறக்கை சேரும் இடத்துக்குப் பின்னால் மஞ்சள் பொட்டும் இருக்கும். இறக்கை ஒடுங்கி, ஓரமெல்லாம் தலைமுடிபோல நீண்ட குஞ்சம் இருந்தால் அந்துப்பூச்சி.

நான் காத்திருந்தது ஈக்காக. பத்தாம் நாள் காலையில் டப்பாவில் நடந்துகொண்டிருந்தது ஒரு மில்லிமீட்டர் அளவுக் குளவி. வெயிலில் திருப்பினால் பச்சைப் பளபளப்பு, முழங்கைபோல மடிந்த உணர்கொம்பு, இரண்டு ஜோடி இறக்கை. இலையில் வட்டமான ஓட்டை. சற்று முன்பு தள்ளிப்போட்ட கதை இதுதான். தாய்க் குளவி சுரங்கத்துக்கு மேல் நின்று, தோல் வழியாக ஊசி இறக்கி, புழுவைச் செயலிழக்கச் செய்து முட்டை வைத்துவிடுகிறது. அதன் பிள்ளை ஈப்புழுவைத் தின்று வளர்ந்து, வட்டமாகத் துளைத்து வெளியே வருகிறது. யூலோஃபிடே குடும்பத்துக் குளவிகள் இதில் கெட்டிக்காரர்கள். டிக்ளிஃபஸ் ஐசேயா என்ற குளவியை ஐரோப்பாவில் பசுமைக்குடில்களுக்கு விலைக்கே விற்கிறார்கள். நம் ஊர்க் காய்கறித் தோட்டங்களில் ஹெமிப்டார்சனஸ் வேரிகார்னிஸ் அடிக்கடி கிடைக்கும். ஏமாற்றமாக இருந்தாலும் இதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தச் சுரங்கத்திலிருந்து எந்தக் குளவி வந்தது என்ற குறிப்புக்கு மதிப்பு அதிகம்.

பெயர் எவ்வளவு தூரம் சொல்லலாம்

இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சாட்சி எங்கே நிற்கிறதோ, பெயரும் அங்கே நிற்க வேண்டும். இருபக்க எச்சக் கோடு மட்டும் கண்டால் "சுரங்க ஈக் குடும்பம்" என்று எழுதலாம். ஈ கையில் இருந்தால் பேரினம் வரை போகலாம். சிற்றினம் வரை போக ஆண் ஈ வேண்டும். அதன் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்துத்தான் நிபுணர்களே முடிவு சொல்கிறார்கள். படத்தைக் காட்டினால் இரண்டு நொடியில் சிற்றினப் பெயர் சொல்லும் போன் செயலி ஒன்று என் இலைக்கு வெவ்வேறு நாளில் மூன்று பெயர் சொன்னது. அதில் ஒன்று ஓக் மரத்தை மட்டும் தின்னும் பூச்சி.

எதைத் தின்கிறது என்பதும் துப்பு. லிரியோமைசா டிரைஃபோலி அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. சாமந்தி நாற்று வியாபாரத்தோடு உலகம் சுற்றியது. 1990-களின் தொடக்கத்தில் ஹைதராபாத்தில் ஆமணக்கில் தென்பட்டது, இன்று நாடு முழுக்கத் தக்காளி, வெள்ளரி, பருத்தி என்று எதையும் விடுவதில்லை. இப்படி வாய்க்கட்டு இல்லாத பூச்சி உங்கள் மாடியில் ஏற்கெனவே அவரையிலோ தக்காளியிலோ இருந்தால், புளியாரைக் கோட்டுக்கும் அதையே முதலில் சந்தேகப்படுங்கள். இரண்டு செடியிலிருந்தும் வளர்த்து, வந்த ஈக்களை ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கம்பக்கம் எந்தச் செடியிலும் கோடு இல்லாமல் புளியாரையில் மட்டும் இருந்தால் அது அபூர்வமான சங்கதியாக இருக்கலாம். அப்போது இயற்கைப் பதிவுகளுக்கான ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் படங்களை ஏற்றி, மாதிரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறையும், பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிறுவனமும் பூச்சிகளை வகைப்படுத்தும் இடங்கள். ஆனால் தேதியும் இடமும் செடிப்பெயரும் இல்லாத பூச்சியை யாரிடம் கொண்டுபோனாலும் பயனில்லை.

மருந்து அடிக்கணுமா?

புளியாரைக்கா? வேண்டவே வேண்டாம். பக்கத்தில் தக்காளி, அவரை இருந்து அவற்றில் கோடு அதிகமானால் கோடு விழுந்த அடி இலைகளைக் கிள்ளுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுங்கள். புழு இரண்டு தோலுக்கு நடுவில் பத்திரமாக இருக்கிறது, மேலே அடிக்கும் பல மருந்துகள் அதைத் தொடாது. வெளியே திரியும் குளவிதான் முதலில் சாகும். அடித்தபிறகு கோடு கூடிவிட்டது என்று பலர் புலம்புவது இதனால்தான். துவையலுக்குப் பறிக்கும்போது கோடு விழுந்ததை ஒதுக்கிவிடுங்கள், தப்பித்தவறி ஒன்று அரைபட்டாலும் ஒன்றும் ஆகாது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் கவலைப்பட வேண்டியது புழுவை அல்ல, புளியாரையின் ஆக்ஸாலிக் அமிலத்தை.

அமுக்கி வைப்பது

காலியான சுரங்க இலையைத் தூக்கிப் போடாமல், விரித்துச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்கள் அடுக்குங்கள். புளியாரை மெல்லிய இலை, மூன்று நாலு நாளில் காய்ந்துவிடும். முதல் நாள் மட்டும் தாளை ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பழுப்பேறும். காய்ந்தபின் வெள்ளைத் தாளில் இரண்டு சின்னக் காகிதப் பட்டையால் ஒட்டுங்கள். செல்லோ டேப் சில வருடத்தில் மஞ்சளாகி இலையையும் கெடுத்துவிடும். குறிப்பைப் பென்சிலில் எழுதுங்கள், மை கசியும்.

என் முதல் இலையின் கீழே இருக்கும் குறிப்பு இது: "புளியாரை, மஞ்சள் பூ. மாடி, ரோஜாத் தொட்டி, வடக்கு ஓரம். கோடாகத் தொடங்கித் திட்டாக முடிகிறது. எச்சம் இருபக்கமும் மாறி மாறி. சுரங்க ஈ. வெளியே வந்தது: குளவி, ஒன்று. ஈ கிடைக்கவில்லை." பக்கத்து மாடி அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுத் தொட்டியிலிருந்து நாலு புளியாரையை வேரோடு ஒரு கப்பில் கொண்டுவந்து தந்தார். அதில் இரண்டு பட்டாம்பூச்சி ஜன்னல், ஒன்று சிலந்திப்பேன். நாலாவதில் ஒரு கோடு இருக்கிறது. கப் அலமாரி மேல் இருக்கிறது, இன்றோடு ஆறு நாள்.